டேஷ்போர்டு முருகன்

என் மனைவி ஜெகதீஸ்வரியைக் கொன்றது இரும்பா வெண்கலமா என்று பார்க்க லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்கு மூன்று வருஷம் ஆனது. கடைசியில் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாது என்று சொல்ல மூன்று வருஷமா என்று கேட்டால் நீதிமன்ற அவமதிப்பாம். என் வாய் சும்மா இருக்காது என்று தெரிந்துதான் எங்கள் வழக்கறிஞர் பிரேமா தீர்ப்பு நாளில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

நடந்தது இதுதான். என் மகள் சுபாஷினி கார் லைசன்ஸ் எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கெலுகோரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய்வர அவளுக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தேன். தாயும் மகளும் அதைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஓட்டிப்போய், டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். அங்கேயே ஒரு வெண்கல முருகன் வாங்கினார்கள். விரல் உயரம், கையில் வேல். சாமி இல்லாமல் நம் ஆட்கள் காரைச் சாலையில் இறக்குவார்களா? கோயில் வாசலிலேயே சுபாஷினி டேப் போட்டு முருகனை டேஷ்போர்டில் ஒட்டிவிட்டாள், அம்மா உட்காரும் பக்கத்தில், அம்மாவைப் பார்த்தபடி. டேஷ்போர்டின் அந்த மூடிக்குக் கீழேதான் ஏர்பேக் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஜுருவில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். பார்த்திருந்தால் அந்த நிமிஷமே பிய்த்து எடுத்திருப்பேன். அன்று நான் வேலையில் இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், டிராபிக் லைட்டில் நின்ற ஒரு வேனின் பின்னால் சுபாஷினி இடித்துவிட்டாள். வேன்காரர் இறங்கிப் பார்த்தார். அவர் பம்பர் கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். சுபாஷினி பக்கத்து ஏர்பேக் ஒழுங்காக விரிந்து, அவளுக்கு மூக்கில் சிராய்ப்போடு போயிற்று. ஜெகா பக்கத்து ஏர்பேக் விரியவில்லை, வெடித்தது. அதை ஊதவைக்கும் இரும்புக் குடுவை சிதறி மூடியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரேதப் பரிசோதனையில் அவள் கழுத்திலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். ஒன்று குடுவையின் இரும்பு. இன்னொன்று முருகன் கையில் இருந்த வேல்.

சாவு வீட்டில் ஜெகாவின் அண்ணன் வேலு, எல்லார் காதிலும் விழும்படி, "பெத்த பிள்ளையே எமனா வந்து நின்னுருச்சே" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். நான்கு பேர் வந்து விலக்கினார்கள். சுபாஷினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதன் பிறகு அவள் படிக்கவும் போகவில்லை. அறைக்குள் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள்.

நான்கு மாதம் கழித்துப் பேப்பரில் செய்தி வந்தது. அதே மாடல் கார்களின் ஏர்பேக்கைக் கம்பெனி திரும்பப் பெறுகிறது, குடுவையில் கோளாறு. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு பிரேமாவிடம் ஓடினேன். வழக்கு என்றதும், சுபாஷினி தானாக அறையை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

விசாரணைக்கு முன்னால் பிரேமா எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, எந்தத் துண்டு உயிர எடுத்துச்சுன்னு டாக்டரால அடிச்சுச் சொல்ல முடியல. அதனால சாமிய வச்சது யாரு தப்புன்னுதான் கம்பெனிக்காரங்க சுத்திச் சுத்தி வருவாங்க. இந்த ஊர்ல ரோட்டுல ஓடுற எத்தன கெரேத்தால சாமி இருக்கு, தஸ்பி மணி தொங்குது. இங்க விக்கிற கம்பெனி அத எதிர்பார்க்கணும்லா. சுபாஷினிக்கு அடியில என்ன இருக்குன்னே தெரியாது. அவளே உள்ளத உள்ளபடி சொல்லட்டும். நீங்க அங்க இல்ல. அத மட்டும் சொல்லிட்டு இறங்கிருங்க. வாய நீட்டாதீங்க."

சுபாஷினி, "நான் சொல்றேன்" என்றாள். மாதக்கணக்கில் அவள் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

சாட்சி சொல்ல என்னை முதலில் அழைத்தார்கள். சுபாஷினி வெளியே காத்திருந்தாள். கம்பெனி வழக்கறிஞர் ஹைக்கல், சின்ன வயசு, என்னை மலாயில் 'என்சேக்' என்று மரியாதையாகத்தான் அழைத்தார். கேட்டது மட்டும் வேறு மாதிரி.

"அப்படியென்றால், வண்டியை ஓட்டிய உங்கள் மகளேதான் அந்த உலோகப் பொருளைத் தாயின் முகத்துக்கு நேராக வைத்தார், இல்லையா?"

வேலு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றால் அது பதிவாகும். என் பிள்ளையின் பெயரை அந்தச் சாவோடு சேர்த்து அரசாங்கக் காகிதத்தில் அடித்து வைத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"இல்லை. நான்தான் ஒட்டினேன். முந்தின நாளே" என்றேன்.

பிரேமா நிமிர்ந்து பார்த்தார். ஹைக்கல் உடனே நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த மூடிக்குக் கீழே ஏர்பேக் இருப்பது தெரியுமா? தெரியும். அதன்மேல் எதையும் வைக்கக்கூடாது என்பது தெரியுமா? தெரியும். ஹைக்கல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், மூன்று கேள்வி.

இடைவேளையில் வெளியே ஓடிப்போய் சுபாஷினியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க?"

"நீயும் அதையே சொல்லு. மாத்திச் சொன்னா அப்பா பொய்ச்சாட்சின்னு உள்ள போகணும்."

அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போது போய்விட்டது. பயம் தெளிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போனாள். கேட்டார்கள். "அப்பா ஒட்டினது" என்றாள்.

தீர்ப்பைப் பெண் நீதிபதி ஒருவர் நிதானமாக வாசித்தார். குடுவையில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. வாகனத் தொழிலில் அனுபவமுள்ள வாதி, ஆபத்தை முழுமையாக அறிந்தே உலோகப் பொருளை அங்கே பொருத்தியிருக்கிறார். அதற்கு உற்பத்தியாளர் பொறுப்பாக முடியாது. வழக்குத் தள்ளுபடி.

வெளியே வந்ததும் வேலு என்னைத் தாண்டிப்போய் சுபாஷினியின் தலையில் கை வைத்தார். "மாமா அன்னிக்கு உன்னைத் தப்பாப் பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காத" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாவிட்டால் போகட்டும். தோற்றாலும் இதற்காகத்தானே சொன்னேன் என்று என் மனம் நிறைந்துவிட்டது. மடையன்.

வீட்டுக்கு வந்ததும் சுபாஷினி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நீங்க எனக்காகத்தான் சொன்னீங்க. தெரியும்."

"அப்புறம் என்னம்மா?"

"நான் மூணு வருஷமா இந்தக் கேஸுக்குத்தான் காத்திருந்தேன். நான்தான் ஓட்டினேன், நான்தான் ஒட்டினேன்னு ஜட்ஜுகிட்ட சொல்லணும். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க, உன் தப்பு இல்ல, கம்பெனி தப்புன்னு சொல்லணும். சொல்லியிருப்பாங்க. பிரேமா அக்காவும் அதையேதான் சொன்னாங்க. இப்ப அவங்க கம்பெனி தப்பு இல்லைன்னுட்டாங்க. ஒட்டினவங்க தப்புன்னுட்டாங்க. ஒட்டினது யாருன்னு எனக்குத் தெரியுமேப்பா."

அங்கேயே பிரேமாவுக்குப் போன் போட்டு, அப்பீல் செய்யலாம், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுகிறோம் என்றேன். இருவரும் சத்தியம் செய்து சொன்னதை இனி மாற்றினால் எந்த நீதிபதியும் எங்களை நம்ப மாட்டார் என்றார் பிரேமா. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

போனை வைத்துவிட்டு, "உன் தப்பு இல்லம்மா. நான் சொல்றேன், கேளு, உன் தப்பு இல்ல" என்றேன்.

"நீங்க அப்பா" என்றாள் சுபாஷினி. "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.