சிங்கம் துரத்திய மச்சான்

எங்கள் ஊருக்கு வந்த அன்றே, தான் இங்கோனி இனத்தவர் என்று லாசரோ ஜெரே சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. பெம்பாக்களான எங்களுக்கு இங்கோனிகள் மச்சான் முறை. மச்சான் எது சொன்னாலும் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வோம். கோபித்துக்கொண்டால் ஒரு கோழி அபராதம்.

ஜெரே நான்கு பயண நூல்கள் எழுதியவர். ஐந்தாவது, மனிதக் காலடி படாத லுவோம்பா குன்றில் அவர் ஏறுவது பற்றி. ஊர்க்காரர் இருவரின் சாட்சிக் கடிதம் இல்லாமல் அச்சிட மாட்டோம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். முந்தைய நூலில் அவர் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த பாலைவனத்துக்கு, வாசகர் ஒருவர் பேருந்தில் போய்வந்திருந்தார்.

குன்றிலிருந்து இறங்கிய மறுநாள் பள்ளி முற்றத்தில் ஊரைக் கூட்டி வாசித்தார்.

"மூன்று நாள் தண்ணீரில்லை. என் பிடரியில் சிங்கத்தின் மூச்சு…"

முதலில் சிரித்தவர் கபாசோவின் அம்மா. ஒவ்வொரு நவம்பரிலும், வறுத்துத் தின்னும் புழு பொறுக்கப் பெண்களை அந்தக் குன்றுக்கு அழைத்துப்போகிறவர்.

"ஐயோ மச்சான், வயிறு வலிக்குது! காலைல போயி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துட்டீங்களே!"

"இது கேலி இல்ல மச்சினி. நெசம்."

"மூஞ்சிய எப்படி வெச்சிக்கிட்டுச் சொல்றாரு பாருங்கடி! அந்தச் சிங்கத்த இன்னொருவாட்டி படிங்க."

படித்தார். சிங்கம் மறுபடியும் கைத்தட்டல் வாங்கியது.

கடிதம் எழுத என்னை அழைத்தார்கள். பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். 'இவருக்கு முன் மனிதர் எவரும் ஏறியதில்லை' என்று ஜெரே சொல்லச் சொல்ல எழுதினேன். 'மனிதர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"டீச்சர், அத அடிச்சிட்டு ஆம்பளன்னு போடு," என்றார் கபாசோவின் அம்மா. "நம்ம ஆம்பளைங்க எவன் ஏறியிருக்கான்? புழு மூட்டை தூக்கச் சொல்லிடுவோம்னு பயம்."

முற்றத்திலிருந்த ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"பொம்பளைங்க வருஷா வருஷம் ஏறுறோம்னும் போடு."

"அது மட்டும் வேணாம் மச்சினி. இதுவும் போச்சுன்னா என் புத்தகத்த எவனும் போட மாட்டான்." ஜெரேயின் குரல் உடைந்தது.

"அழுற மாதிரியே நடிக்கிறாரே!" கூட்டம் புரண்டு சிரித்தது.

அவரால் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு வரிகளையும் எழுதினேன். நானும் கபாசோவின் அம்மாவும் கையெழுத்திட்டோம். ஜெரே கடிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் புத்தகம் வந்தது. அட்டையில்: 'பெண்கள் மட்டுமே ஆளும் குன்று. உள்ளே நுழைந்த முதல் ஆண்!'

நடுப்பக்கத்தில் கபாசோவின் அம்மா, தலையில் புழுக்கூடையுடன். படத்தின் கீழே, 'மகுடம் தரித்த அரசி'.