மீதி இரண்டு வரி

"எனக்கும் ஒரு மைக் வேணும்" என்று தங்கை சொன்னதும், ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பெண் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பேட்டிகளில் கூடச் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பாள்.

"யாரு, நம்ம கோட்டானா பாடப்போகுது?" என்று அண்ணன் சிரித்தான். ஊமைக்கோட்டான் என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர். நாளாவட்டத்தில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் மிஞ்சியது. "டேய், எல்லாரும் காதைப் பொத்திக்குங்கடா."

"சும்மா ஹம்மிங்குக்கு" என்றாள் அவள்.

அண்ணன் தாராளமாகத் தலையாட்டினான். அன்றைக்கு அவன் எதற்கும் தலையாட்டுகிற மனநிலையில் இருந்தான். காரணம் இருந்தது. அந்த ரேடியோ நிலையம் ஒரு குழுவை அழைப்பதே பெரிய விஷயம். காலையில் நேரடியாக ஒலிபரப்புவார்கள். ஒலிபரப்பானதை அப்படியே ஆல்பமாக வெளியிடுவார்கள். வெட்டுவது, ஒட்டுவது, திரும்பப் பாடுவது எதுவும் கிடையாது. நடுவில் ஒருவன் தும்மினால் தும்மலும் ஆல்பத்தில் ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு நடக்கிற பேச்சும் அப்படித்தான். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளேயே விடுவார்கள். நேரடியாகப் பாடத் தெரிந்தவன் என்று பெயர் வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று அண்ணன் எண்ணினான். தங்கையும் அந்த விதியைப் படித்துப் பார்த்தாள். வேறு காரணத்துக்காக.

அவர்களுடைய பெரிய பாட்டு 'ஜன்னலோரக் கட்டில்'. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனதைப் பற்றிய பாட்டு. எழுதியது தங்கை. மெட்டும் அவளுடையது. அம்மா கிடந்த கட்டிலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அண்ணன் அப்போது ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தான். "இதோ கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்வான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான். எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது வந்து இறங்கினான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். உண்மையாகத்தான் அழுதான், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான் தங்கை அந்தத் தப்பைச் செய்தாள். பாட்டுக்கு மூன்று சரணம். சமையலறையில் வைத்து அவனுக்குப் பாடிக் காட்டியபோது இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். மூன்றாவதில் அவன் வருகிறான். அதாவது, வராமல் இருக்கிறான். கேட்டால் தாங்கமாட்டான் என்று விழுங்கிவிட்டாள். "இதை நான் பாடட்டுமா?" என்று கேட்டான். பாடு என்றாள்.

ஆல்பம் வந்தபோது எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. அச்சடித்தவர்கள் செய்த குளறுபடி என்றான். சரி, போகட்டும் என்று விட்டாள். பிறகு முதல் பேட்டியில், "அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான். வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த பேட்டியில் அந்தப் பொய்க்குக் கண்ணும் காதும் மூக்கும் முளைத்தன. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. அம்மா அவன் தலையைக் கோதிவிட்டாள். அதற்கடுத்ததில் அவன் கஞ்சி ஊட்டினான், அம்மா ஒவ்வொரு ஸ்பூனாக வாங்கிக்கொண்டாள். மூக்கில் குழாய் போட்டிருந்தவளுக்குக் கஞ்சி ஊட்டினானாம்! தங்கை சுவரோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். அந்த நாற்காலியை எங்கே போய் வாங்குவது? அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தது என்பது ஒன்றுதான் அவளிடம் மிஞ்சிய சொத்து. அதிலும் ஏறி உட்கார்ந்துகொண்டான் இவன்.

கூட இருந்தவர்களுக்கு உண்மை தெரியாதா? தெரியும். டிரம்ஸ்காரனும் கிட்டார்காரனும் அண்ணனுக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கைகள் தங்கையின் பேச்சைத்தான் கேட்டன. பாடுகிறவன் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நிற்பான். பாட்டை முடிப்பது இவள். பேஸ் கிட்டாரின் கழுத்தை இவள் மேலே தூக்கினால் மற்றவர்கள் அந்த அடியோடு நிறுத்த வேண்டும். தூக்காவிட்டால் வாசித்துக்கொண்டே போக வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பாட்டுகள் அருமையாகப் போயின. அண்ணன் பிரமாதமாகப் பாடினான். அதையும் சொல்லத்தான் வேண்டும், குரல் அவனுக்குத் தேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் நிலையத்தின் பெண் அறிவிப்பாளர் கனிந்த குரலில் கேட்டார்: "அந்தக் கடைசி நாளைப் பத்திச் சொல்லுங்களேன்."

அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டான். "என்ன சொல்றதுங்க... தங்கச்சி சின்னப் பொண்ணு. அவளால அம்மாவை அந்த நிலைமைல பார்க்க முடியல. நீ வீட்டுக்குப் போம்மான்னு நான்தான் அனுப்பி வச்சேன். கடைசில நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம்."

அதுவரை தங்கைக்குள் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்று காலையில் பல் தேய்க்கும்போது கூட யோசித்தாள். இப்போது அது போன இடம் தெரியவில்லை. நாற்காலியைப் பறித்தது போதாதென்று அறையை விட்டே வெளியே தள்ளிவிட்டான்! கோபம் தெளிவாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம், பல்லவி, இரண்டாவது சரணம், பல்லவி. அண்ணன் கண்ணை மூடிக் கடைசிச் சொல்லை இழுத்து முடித்தான். தங்கை கிட்டாரின் கழுத்தைத் தூக்கவில்லை. டிரம்ஸ்காரன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் வாசித்தாள். அவன் தொடர்ந்தான், கிட்டாரும் தொடர்ந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து திரும்புவதற்குள் அவள் மைக்கில் வாயை வைத்துவிட்டாள். தேன் குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு.

*வாசலில் சத்தம் கேட்டால் அவனா என்றாய்,*
*வண்டிச் சத்தம் அம்மா என்றேன்.*
*வந்துவிடுவான் என்று நான் சொன்ன பொய்யை*
*வாங்கித் தலைக்கு வைத்துப் படுத்தாய்.*

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் இத்தனை வருடம் மேடையில் நின்றவன் சும்மா போய்விடுவானா? வாத்தியம் ஒரே ஒரு சுற்று வரும்வரைதான் தடுமாறினான். அடுத்த சுற்றில் பல்லவியைப் பிடித்துக்கொண்டான். கண்ணீரோடு பாடினான். தங்கை கழுத்தைத் தூக்கினாள். பாட்டு நின்றது.

அறிவிப்பாளர் வியந்து கேட்டார்: "இந்தச் சரணத்தை இதுக்கு முன்னால கேட்டதே இல்லையே!"

"நான் எழுதி வச்சதுதான்" என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு பிள்ளை வராமப் போயிருந்தா அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒரு கற்பனை. பாட எனக்குத் தைரியம் வரல. அதான் தங்கச்சிகிட்டக் கொடுத்தேன்."

தங்கை அசந்துபோனாள். கன்னத்தில் விழுந்த அறையைக் கூடத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறானே! ஒரு கணம் எல்லாம் கைவிட்டுப் போன மாதிரி இருந்தது. பிறகு மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"அப்போ மீதி ரெண்டு வரியையும் பாடுண்ணா."

"என்ன ரெண்டு வரி?"

"சரணம் இன்னும் முடியலையே. அம்மா கடைசியா சொன்னது ரெண்டு வரி இருக்கே. நீதானே எழுதின, பாடு."

பதிலுக்குக் காத்திருக்காமல் வாசிக்கத் தொடங்கினாள். டிரம்ஸ்காரன் அவளோடு சேர்ந்துகொண்டான். இந்த முறை அவளைப் பார்க்கக்கூட இல்லை, தெரிந்துதான் சேர்ந்தான். கிட்டார்காரனும் சேர்ந்தான். சரணத்துக்கான இடம் வந்தது. அண்ணன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. சுற்று முடிந்து மறுபடி அந்த இடம் வந்தது. அவன் மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது. எதையாவது இட்டுக்கட்டிப் பாடியிருக்கலாம். இத்தனை பொய் சொன்னவனுக்கு இரண்டு வரி கட்டவா தெரியாது? ஆனால் தங்கை நேராக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டவள் முன்னால் அம்மா சொன்னதாக ஒன்றைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு சுற்றும் காலியாகப் போனது. அவளுக்குத் தித்தித்தது. போதும் என்று தோன்றியபோது கழுத்தைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

நடைபாதையில் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். "பழி வாங்குறியா?"

"ஆமா" என்றாள்.

அவனுடைய மேலாளர் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். விதி விதிதான் என்றார்கள். ஆல்பம் வெளிவந்தது. கடைசிப் பாட்டுக்குப் பிறகு யாரும் பாடாத அந்தச் சுற்றுகளைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்ணன் பேட்டி கொடுப்பதை நிறுத்தினான். குழு கலைந்தது. தங்கை அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் போன் செய்தான். மத்தியானம் வருவதாகச் சொன்னான். இந்த முறை சொன்னபடி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, சட்டை தொளதொளத்தது. தங்கை இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடி கேட்டான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

"பாட்டுக்காகக் கேட்கல. நான் இனிமே பாடப்போறதில்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். சொல்லும்மா."

நிஜம்தான். பொய் சொல்லும்போது அவன் குரல் தேனாக ஒழுகும். இப்போது கேட்கச் சகிக்காமல் இருந்தது. தங்கை அவனை முழுதாக நம்பினாள்.

அம்மா சொன்னது மிகச் சின்ன விஷயம். பேச்சு நிற்பதற்கு முன்னால் அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன் வந்தா திட்டாத. முதல்ல சாப்பிடச் சொல்லு."

நாக்கு நுனி வரை வந்தது. அடுப்பில் சோறு இருந்தது, தட்டு இரண்டும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. எதிரே நிற்கிறவன் கை நீட்டிக்கொண்டு நிற்காத குறை. வாடகை நாற்காலிகள் போன பிறகு வந்து இறங்கியவன். அவளை அந்த அறையை விட்டு அனுப்பியவன்.

"உனக்குத் தெரியாததா அண்ணா? கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நீதானே இருந்த?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். தங்கை கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு தட்டை மட்டும் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.