மத்தாப்புக் கை

பித்தளை விளக்குகிற பவுடரையும் கம்பி நாரையும் வைத்து மனுஷக் கையைத் தேய்க்கலாம் என்று சங்கிலிமுத்துவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஆண்கள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குத்துவிளக்கைத் துலக்குகிற பக்தியோடு தேய்த்தான். கடைசியில் கழுவிப் பார்த்தபோது தோல் போயிருந்தது. வெள்ளி நிறம் போகவில்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்குக் கம்பி மத்தாப்பு முக்குகிற வேலை. கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாக மாட்டி, அலுமினியப் பவுடர் கலந்த கூழில் முக்கியெடுத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். வருஷக்கணக்கில் முக்கியதில் அந்தப் பவுடர் அவன் கைரேகைக்குள் ஏறி, நகக்கண்ணில் குடியேறி, வாடகைகூடத் தராமல் தங்கிவிட்டது. கல்யாணத்தில் போட்டோக்காரர் எல்லாப் படத்துக்கும் அவனைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். தாலி கட்டுகிற படத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் மின்னுகிறது.

அந்தக் கையைப் பற்றி அவனே ஆயிரம் நையாண்டி செய்திருக்கிறான். அன்றைக்குக் காலையில்தான் முதல்முதலாக அதைப் பார்த்துப் பயந்தான்.

அவனுக்குப் பெண் பிறந்திருந்தது. வர வேண்டிய நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அம்மாக்காரி பாண்டிச்செல்விக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, ஆபரேஷன் செய்து, வேறொரு வார்டில் எழுந்து உட்கார முடியாமல் படுத்திருந்தாள். டாக்டரம்மா காலையில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழந்தை தானா மூச்சு விடுது. இனிமே உடம்புச் சூடு வேணும். வெறும் நெஞ்சோட சேத்து அணைச்சு வச்சிருந்தா எடை ஏறும். அம்மாவால முடியலன்னா அப்பா செய்யலாம். குளிச்சு, நகம் வெட்டி, கையச் சுத்தமாக் கழுவிட்டு வாங்க."

சுத்தமா என்று காதில் விழுந்ததும் சங்கிலிமுத்து தன் உள்ளங்கையைப் பார்த்தான். நேரே கடைக்குப் போய்விட்டான்.

குழந்தை வார்டு நர்ஸ் சினேகா அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவனைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்னண்ணே இது?"

"லேசா ஒரு பாலீஷ் போட்டேன் சிஸ்டர்."

அவள் சிரிக்கவில்லை. "தோலு உரிஞ்சு நீர் கசியுது. இந்த மாதிரிப் புண்ணுலதான் கிருமி தங்கும். இது ஆறுற வரைக்கும் பிள்ளையத் தொடக் கூடாது."

"ஆறின பெறகு? இந்தக் கலரு போகாது சிஸ்டர். இந்தக் கை பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா?"

"மொதல்ல ஆறட்டும்," என்று மருந்து போட்டுக் கட்டிவிட்டு, அழுகிற இன்னொரு குழந்தையிடம் ஓடிவிட்டாள்.

எதையும் அழுத்தித் தேய்க்காதே என்பது கம்பெனியில் முதல் நாள் பாடம். தேய்த்தால் தீப்பிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவனே சங்கிலிமுத்துதான். இரண்டு கையிலும் கட்டோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டான்.

பாண்டிச்செல்வி படுத்தபடியே கட்டைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் வலியை மறந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் நிறுத்தினாள்.

"கையில இருக்கதச் சுரண்டிப் பிள்ளைக்குக் கொலுசு செய்யப் பாத்தீகளாக்கும்?"

"ஏ, நெசமாக் கேக்கேன். என் கை பட்டாப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

"நாலு வருசமா என்னையத் தொட்டுக்கிட்டுத்தான இருக்கீக. நான் மின்னுதேனா?" என்றவள், சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ள தனியாவாங்க கெடக்கு?"

அவன் கட்டுப் போட்ட கையால் அவள் போர்வையை இழுத்துவிட்டான். யாரிடமும் எதையும் நேராகக் கேட்டுப் பழகாத வாய் அவனுடையது. இப்போது நேராகக் கேட்டால் யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மறுநாள் பாண்டிச்செல்வியின் அண்ணன் கருத்தப்பாண்டி வந்து இறங்கினான். விருதுநகர்ப் பருப்பு மண்டி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். உள்ளங்கை வெண்ணெய் மாதிரி இருக்கும்.

"தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? எம் மருமகள நான் வச்சுக்கிடுதேன். நீரு கட்டோட உக்காரும் மாப்ளே," என்றான்.

முதலில் அணைக்க வேண்டியது அப்பன்தான். ஆனால் பிள்ளைக்குச் சூடு வேண்டும். சங்கிலிமுத்து தலையாட்டினான்.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். மச்சான் குறை சொல்ல முடியாதபடி கழுவினான். வாட்ச், மோதிரம், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கயிறு, சட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்தான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு என்று சினேகா சொல்லச் சொல்லச் சோப்புப் போட்டான். நாற்காலியில் சாய்ந்தான். அவள் பெட்டியைத் திறக்கப் போகும்போது பேன்ட் பையில் போன் அடித்தது. எடுத்து நிறுத்திவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

"திரும்பக் கழுவிட்டு வாங்க," என்றாள் சினேகா.

"போனக் கட் பண்ணத்தான எடுத்தேன்?"

"கழுவிட்டு வாங்கண்ணே."

கழுவிவிட்டு வந்தான். உட்கார்ந்ததும் மீசையை ஒருதரம் நீவிவிட்டான். அது அவன் பரம்பரைப் பழக்கம்.

"கழுவிட்டு வாங்க."

"ஏம்மா, பாரும்மா, பால் கணக்கா இருக்கு கை!"

"கண்ணுக்குத் தெரியுற அழுக்குன்னா நான் ஏன் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன்? எல்லாரும் பாத்தே சுத்தம் பண்ணிக்கிடுவீகளே."

மண்டியிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, கருத்தப்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சங்கிலிமுத்துவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. படியிறங்குகிற மச்சானைப் பார்த்துச் சிரிப்பைக்கூட அடக்கவில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை தனியாகத்தான் கிடந்தது.

தனியாக என்று சொல்லிவிடவும் முடியாது. கை கட்டப்பட்டவனுக்குக் கண்தானே மிச்சம். அங்கேயே நின்று சினேகாவைப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகுமுன் சுவரில் இருக்கும் பாட்டிலை அமுக்கிக் கையில் மருந்தைத் தேய்த்துக் காயவிட்டாள். குழந்தையைத் தொட்டாள். மறுபடி தேய்த்தாள். பெட்டிக் கதவைத் தொட்டாலும் தேய்த்தாள். நாலெட்டுத் தள்ளிக் கிடக்கிற பிள்ளைக்கும் அதே கதை. வார்டில் அவளைக் கண்காணிக்க ஒருவரும் இல்லை. இவன் நிற்பதும் அவளுக்குத் தெரியாது. அவசரம் என்று ஒரு தடவைகூட அவள் விட்டுவிடவில்லை.

அவள் வெளியே வந்தபோது விரல்களைக் கவனித்தான். கணுவெல்லாம் வெடித்திருந்தது. ஓரமாக நின்று ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

தன் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த வெடிப்பு விரல்களில்தான் வாழ்கிறது என்று சங்கிலிமுத்துவுக்கு உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நன்றி என்பது அவனுக்குக் கல்யாண வீட்டு மைக்கில் கேட்கிற வார்த்தை. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"சிஸ்டர், உங்க கையவிட எங்க கம்பெனி மிஷினு கொஞ்சம் ஓய்வெடுக்கும்."

இந்தத் தடவை அவள் சிரித்தாள். அவனுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. தூசி என்று கட்டுப் போட்ட கையால் துடைக்கப் போனவனை, "கட்டு நனையும்," என்று தடுத்துப் பஞ்சு கொடுத்தாள்.

புண் ஆற ஒரு வாரம் ஓடிற்று. அதற்குள் பாண்டிச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். பால் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் நெடுநேரம் பிள்ளையை அணைத்திருக்க இன்னும் தெம்பில்லை. கட்டைப் பிரித்தபோது புதுத்தோல் ரோஸாக மூடியிருந்தது. ரேகைக்குள் வெள்ளி, பழைய உரிமையோடு உட்கார்ந்திருந்தது.

நகத்தை ஒட்ட வெட்டினான். மனைவி கட்டிவிட்ட இருக்கன்குடிக் கயிற்றை அவளிடமே அவிழ்த்துக் கொடுத்தான். "ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. போங்க," என்றாள். போனை அவளிடமே விட்டுவிட்டு வந்தான்.

சினேகா பக்கத்தில் நிற்க, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டான். விரலிடுக்கு, கட்டைவிரல், நகம். தேய்க்கத்தான் தேய்த்தான், அழுத்தவில்லை. கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், யாரோ துப்பாக்கி காட்டியது மாதிரி.

"சிஸ்டர், வெளையாட்டுக்குக் கேக்கல. இந்தக் கையால எம் பிள்ளையத் தூக்கலாமா, கூடாதா?"

அவள் ஒரு வெள்ளைத் துணித்துண்டை நனைத்து அவன் உள்ளங்கையில் தேய்த்தாள். ரேகை வழியாக, நகத்தைச் சுற்றி, விரலிடுக்கில். பிறகு விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன்," என்றாள் சினேகா. "கறை உள்ள கெடக்கட்டும், அது பிள்ளைய ஒண்ணும் செய்யாது. புண்ணு ஆறிருச்சு. கை சுத்தமா இருக்கு. தூக்கலாம்ணே."