ஜனாதிபதி அனுப்பிய நூல்

எட்டு நாள். அம்மைப்பால் கீறிய இடத்தில் கொப்புளம் முத்த அவ்வளவு காலம் வேண்டும். தம்பி நெட்டின் கையில் முத்திவிட்டது. இனிப் பெரியம்மை அவனை அண்டாது. ஆற்றுத்துறையில் அந்த வாரம் மட்டும் நான்கு பேர் அதற்குப் பலியாகியிருந்தார்கள்.

அப்பா பாதி வர்ஜீனியாவை விருந்துக்கு அழைத்துவிட்டார். அவரும் அமெரிக்க ஜனாதிபதியும் ஒன்றாகச் சட்டம் படித்தவர்கள். அம்மைப்பாலில் தோய்த்த நூல்களைக் குப்பிகளில் அடைத்து ஜனாதிபதியே அனுப்பியிருந்தார். காலிக் குப்பி ஒன்று மேசையில், பன்றித்தொடைக்குப் பக்கத்தில் நின்றது.

“உங்க வீட்டுக் கோழி இருமினாக்கூட ஜனாதிபதி கஷாயம் அனுப்புவார் போல!” என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் டாப்னி.

“பொறாமைப்படாதீங்க. உங்க கோழிக்கும் சொல்லி வைக்கிறேன்.”

அப்பா சிரித்தார், கண் கலங்கியிருந்தது. என் அண்ணன்கள் இருவரைப் பெரியம்மைக்குக் கொடுத்தவர்.

ஜார்ஜியாவிலிருந்து வந்திருந்த பிரிசில்லா அத்தை கேட்டாள்: “அண்ணா, அந்தச் சலவைக்காரி பொண்ணு கிட்டியைத் தர்றேன்னீங்களே. நாளைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“தாராளமா.”

கிட்டிக்கு ஏழு வயது. எங்கள் பண்ணையில் பிறந்த அடிமைக் குழந்தை. ஜார்ஜியா போனால் தாயை இனிப் பார்க்கமாட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த அவள் தாய் சூக்கி, தட்டோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான், தம்பிக்கு அம்மைப்பால் கீறிய டாக்டரைப் பார்த்தேன். ‘அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுகிறார், உண்மையைச் சொல்லிக் கெடுக்காதேம்மா’ என்று முன்பே என்னிடம் கேட்டுக்கொண்டவர் அவர். இப்போது ரொட்டியில் இல்லாத வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா கோப்பையை உயர்த்தினார். “என் பிள்ளையைக் காப்பாத்தின கைக்கு நன்றி. அந்தக் கை எது கேட்டாலும் இந்தக் குடும்பம் இல்லைன்னு சொல்லாது.”

நான் எழுந்தேன்.

“என்ன லெட்டிஸ்? உட்காரும்மா, சூப் ஆறுது.”

“தம்பிக்குப் போட்ட நூல் வெயில்ல கெட்டுப்போயிருந்ததுப்பா. எட்டு நாளாகியும் ஒண்ணும் எழும்பல. நீங்க ரிச்மண்ட் போயிருந்தப்ப மறுபடி கீறினோம்.”

“வேற நூல் ஏது? இன்னொண்ணைத்தான் சோதனைக்குன்னு சலவைக்காரி பொண்ணுக்குப் போட்டாச்சே.”

“அவளுக்குப் பிடிச்சிக்கிச்சு. கொப்புளம் நல்லா முத்திச்சு.”

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்போ நெட்டுக்கு ஏறினது?”

“கிட்டி கையில இருந்து எடுத்த பால், அப்பா.”