அப்பாவுக்கு ஏற்ற துப்பாக்கி

கோட்டின் நடுப்பொத்தானைப் போட்டுவிட்டு, இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார் டேரல் சித்தப்பா.

"தெரியுது," என்றார்.

"எங்க?" என்றாள் ரோண்டா.

"இடுப்புக்கிட்ட பாரு. செங்கல்லை உள்ள வச்சுத் தைச்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது."

சவப்பெட்டிக்குள் அந்தக் கோட்டோடு படுத்திருந்தவர் வெர்ல். ரோண்டாவின் அப்பா. தொலைக்காட்சியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தவர், புயல் எச்சரிக்கை முடிவதற்குள் போய்விட்டார்.

ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூரில் அவர் துப்பாக்கி இல்லாமல் கடைக்குப் போனதில்லை. தேவாலயத்துக்கும், பல் பிடுங்கவும்கூட இடுப்பில் அதோடுதான் போனார். ஆகவே இந்தப் பயணத்துக்கும் வெறும் இடுப்போடு அனுப்பக்கூடாது என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்து இல்லை. எது என்பதில்தான் இருந்தது. சவ அடக்க நிலையம் நடத்தும் லாஃப்டனும் ஆச்சரியப்படவில்லை. "தோட்டாவை மட்டும் எடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இரண்டு இருந்தன. பழைய பெரியது, வெர்லுக்குப் பிறகு டேரலுக்கு என்று எப்போதோ முடிவானது. இன்னொன்று, பெரியதன் பாரம் தாங்கவில்லை என்று போன ஆண்டு வாங்கியது. கறுப்பு; உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"அவருக்குப் பழகினது பெருசுதான். அதையே வைங்க," என்றாள் அம்மா ஓலீட்டா. "சின்னது காடிக்குன்னு அவரே சொல்லிட்டார்."

ரோண்டா காலையிலிருந்து அங்கேயே நின்றது அதற்காகத்தான். காடி அவள் தம்பி. மனைவி ஷைனாவை என்ன செய்யப்போகிறேன் என்று அவன் தொலைபேசியில் சொன்ன பதிவை நீதிபதி கேட்டுவிட்டு, அவன் வீட்டிலிருந்த துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார். ஷைனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு துல்சா நகரத்துக்குப் போய்விட்டாள். எந்தத் தெரு என்பது ரோண்டாவுக்கு மட்டும்தான் தெரியும். கடையில் கேட்டால் காடியின் பெயரைக் கணினியில் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். அப்பாவின் துப்பாக்கிக்குக் கணினி கிடையாது. தோட்டாவுக்கு யாரும் பெயர் கேட்பதில்லை. பெட்ரோல் போடும் இடத்திலேயே சூயிங்கத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிறது.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. "அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. அவன்கிட்ட இருந்து இதையும் பிடுங்கணுமாடி?"

ஆகவே ரோண்டா தையலைப் பற்றிப் பேசினாள்.

"கோட்டு இறுக்கம் சித்தப்பா. சின்னதை வச்சுப் பாக்கலாமே?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பெரியது தன் கைக்குத் திரும்புகிறது என்பது ஒரு காரணம். சனிக்கிழமைதோறும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள வகுப்பு எடுப்பவர் என்பது இன்னொன்று.

"இதைத்தான் நான் கத்திக் கத்திச் சொல்றேன். கம்பீரமா இருக்கும்னு பெருசா வாங்குவானுங்க. சட்டை ஒதுங்கினா ஊரே பாக்கும். குண்டு எத்தனை போகுங்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல உடம்பைப் பாரு, போடுற துணியைப் பாரு, உக்காந்தா எப்படி, படுத்தா எப்படின்னு பாரு. எதிராளிக்குத் தெரியவே கூடாது."

"அங்க எதிராளி யாரு சித்தப்பா?"

"அது தெரியாமத்தானேம்மா வைக்கிறதே."

சின்னதை வைத்தார்கள். பொத்தானைப் போட்டார்கள். சித்தப்பா குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், கதவருகே போய்த் திரும்பி முன்பின் தெரியாதவரைப் போல நடந்து வந்தும் பார்த்தார்.

"வச்சாச்சா இல்லையா?" என்றாள் அம்மா.

"அதான் அண்ணி, வேலைப்பாடு!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒல்லியாத் தெரியறார்," என்றாள்.

ரோண்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி ஒரு பிரார்த்தனை, இரண்டு பாட்டு. பிறகு மூடி, பிறகு மண்.

காடி தேவாலயத்துக்கு வந்தான். தலை வாரியிருந்தான், கோட்டு போட்டிருந்தான், குடிக்கவில்லை. குடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எதை வச்சீங்க?"

"சின்னதை."

"அது என்னுது, அக்கா."

"கோட்டுக்கு அதுதான் பொருந்துச்சு."

அவன் அப்பாவை எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் பொருந்தியிருக்கு," என்றான். பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தவன் போல, "துல்சாவுல நேத்துலேர்ந்து மழையாமே?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஓக் மரம் வரிசையா நிக்கிற தெருவெல்லாம் நல்லா குளிர்ந்துடும்."

ஷைனாவின் தெருவில் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். 

மூடுவதற்கு முன் காடி பெட்டியின் மேல் குனிந்தான். இரண்டு கைகளும் உள்ளே போயின. முகத்தை அப்பாவின் மார்பில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நேரமாயிற்று. போதகர் அவன் முதுகில் கை வைத்தார். பின்வரிசைகளில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ரோண்டா எழப்போனபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. நல்லா அழட்டும்."

அவன் நிமிர்ந்தான். அப்பாவின் கோட்டை நீவிவிட்டான். தன் கோட்டையும்.

ரோண்டா அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. காலையிலும் தெரியவில்லை. அதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தது. தம்பியின் இடுப்பைப் பார்த்தாள். அங்கேயும் கோட்டு அழகாகப் படிந்திருந்தது.

"லாஃப்டன், ஒரு நிமிஷம். அப்பா கோட்டைத் திறந்து பாக்கணும்."

"ரோண்டா!" என்றாள் அம்மா. ஊரே திரும்பியது.

"உள்ளதான்மா இருக்கு," என்று சித்தப்பா காதோரம் சொன்னார். "வெளிய தெரியாது. நம்ம வச்ச விதம் அப்படி."

பாட்டு ஆரம்பித்தது. மூடி இறங்கியது. லாஃப்டன் பெட்டியின் பக்கவாட்டில் சாவியைச் செருகி மெதுவாகத் திருகிப் பூட்டினார்.

சவ ஊர்தியின் பின்னால் வண்டிகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கிளம்பின. அம்மாவோடு முதல் காரில் இருந்த ரோண்டா, தொலைபேசியைக் காதில் அழுத்தியிருந்தாள். ஷைனாவின் எண். மணி போய்க்கொண்டே இருந்தது.

"யாருக்குடி, இந்த நேரத்துல?"

கல்லறைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். எல்லோரும் திரும்பினார்கள். கடைசியாக வந்த காடியின் வண்டி இடப்பக்கம் திரும்பி துல்சா நெடுஞ்சாலையில் ஏறியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, லாஃப்டன் எல்லா வண்டிகளிலும் ஒட்டியிருந்த ஊதா நிறத் துக்கக் கொடி காற்றில் படபடத்தது.

எதிரே வந்த கோதுமை லாரி அந்தக் கொடியைப் பார்த்து, சாவுக்கு வழிவிடும் வழக்கப்படி, ஓரமாக ஒதுங்கி நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு கார்கள் நின்றன. லாரிக்காரர் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவன் கடந்து போகும்வரை தலைகுனிந்து நின்றார்.