கட்டைவிரல் கட்டு

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி முடித்துவிட்டுக் கைப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்த நல்லசிவம், அப்படியே இருந்துவிட்டார். வேட்டியிலிருந்து கிழித்த வெள்ளைத் துணி விரலில் தொங்கியது. செத்தவன் அவருடைய தம்பி பாண்டிச்செல்வம். தம்பியின் இடது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தார். வலது கையைத் தொடவில்லை.

"கட்டுங்க அத்தான்" என்றாள் அழகுமீனா. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுல கட்ட?"

நியாயமான கேள்விதான். இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பாண்டிச்செல்வத்துக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பற்றிய அன்றைக்கே அது போய்விட்டது. கூடவே நடுவிரலும் மோதிரவிரலும் போயின. மிஞ்சிய ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு அச்சாபீசில் லேபிள் கட்டு பிரிக்கிற வேலை பார்த்தான். இன்று விடியற்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோதே இல்லை.

வாடகைக்குச் சொன்ன குளிர்ப்பெட்டி தெருவில் வந்து இறங்கியிருந்தது. கொண்டுவந்தவன் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியில் வைப்பதற்குள் கட்டியாக வேண்டும்.

"துண்டப் போட்டு மூடிருவோம். மேல மாலை விழுந்துரும். யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே நல்லசிவம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தம்பியின் வலது கைமேல் போட்டார்.

அவரால் அந்தக் கையைப் பார்க்க முடியாது. தம்பி மகள் கீர்த்திகாவின் சடங்கு போட்டோவில்கூடத் தம்பியின் வலது பக்கம் ஒட்டி நின்று அதை மறைத்துக்கொண்டார். அண்ணன்காரனுக்கு வெட்கம் என்று ஊர் பேசியது. போர்மேனிடம் சொல்லித் தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர்தான் என்பது அழகுமீனாவுக்குத் தெரியும்.

நல்லசிவத்தின் மனைவி பத்திரகாளி மூலையில் எதையோ தேடிவிட்டு வந்தாள். கையில் ஒரு காகிதக் குழல். அழகுமீனா வீட்டில் இருந்தபடியே கம்பெனிக்கு உருட்டிக்கொடுக்கிற வெடிக்குழல். மூலையில் சாக்கு நிறையக் கிடந்தது.

"இந்தா, கட்டவெரல் தண்டிக்குச் சரியா இருக்கு. துணியச் சுத்தி வச்சுக் கட்டிருங்க. கொளுந்தன் முழுசாப் போகட்டும்."

"அக்கா, அவுக வெரல எடுத்ததே அதுதான். அதையே கொண்டாந்து வெரலா வைக்கச் சொல்லுதீக" என்றாள் அழகுமீனா.

பத்திரகாளி குழலைப் பார்த்தாள். "ஆத்தாடி" என்று அதை முந்தானைக்குள் ஒளித்தாள். சுவரோரம் இருந்த ஒருத்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினாள். அழகுமீனாவுக்கும் உதடு கோணியது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. அவன் இருந்திருந்தால் இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பான். 'பாக்க வெரலு மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. புஸ்ஸு.'

அவனுடைய தீர்ப்புகள் மூன்றுதான். வெடிச்சது, நமுத்தது, புஸ்ஸு. கடையில் போய் வாங்காமல் நெட்டிலிருந்தே, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் கன்சோலில் இறக்கிக்கொள்கிற சின்ன ஆட்டங்களை ஆடிப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று யூடியூபில் சொல்லுவான். சானலுக்குப் பெயர் 'ஒரு கை பாத்துருவோம்லே.'

கை போன புதிதில் அவன் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான். இடது கையால் சாப்பிடுவதை அவள்கூடப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொள்வான். அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதலாளியின் மகள் கல்லூரிக்குப் போகும்போது தன் பழைய கன்சோலை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆட்டம் எதைப் போட்டாலும் இரண்டு கட்டைவிரல் கேட்டது. "பத்து வெரல்காரன் பத்து வெரல்காரனுக்குச் செஞ்சது" என்று கட்டிலில் விட்டெறிந்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடியும் எடுத்தான். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் சின்ன வயதில் காசு போட்டு ஆடிய விமானச் சண்டையை அப்படியே கன்சோலுக்கு மாற்றி விட்டிருந்தார்கள். ஒரு குச்சி, ஒரு பட்டன், அவ்வளவுதான் ஆட்டம். குச்சிக்கு இடது கட்டைவிரல். பட்டனுக்கு வலது ஆள்காட்டி விரல். அடுக்களையில் குழல் உருட்டிக்கொண்டிருந்த அழகுமீனாவுக்கு உள்ளே சத்தம் கேட்டது. அழுகிறான் என்று பதறி ஓடினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏ அழகு, இங்கன வா. செத்துட்டேன். ஒரு உசுரு போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு!"

அந்த ஆட்டத்தைச் செய்தவன் எந்த ஊர்க்காரன், உயிரோடு இருக்கிறானா என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து சாமி கும்பிடும்போது அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டாள். யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

உத்தரத்துக் கொக்கியிலிருந்து கம்பியில் போனைத் தொங்கவிட்டுக் கொடுத்தது அவள்தான். கன்சோலின் கைப்பிடி நழுவாமலிருக்க சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அவன் மணிக்கட்டோடு சேர்த்து மாட்டிவிட்டதும் அவள்தான். வீடியோவில் இரண்டு கையும் டிவியும் மட்டும் தெரியும். மூஞ்சியையும் காட்டுங்க என்று ஒருநாள் சொன்னாள். "எம்மூஞ்சிய எவன் பாப்பான்? ஆட்டம் கையிலல்லா இருக்கு" என்றான்.

அந்த விமானச் சண்டைக்கு அவன் தீர்ப்புச் சொன்ன குரல் இப்போதும் அவள் காதில் ஓடியது. "பழசுங்கிறதுக்காகக் கும்பிட வேண்டாம். அன்னைக்குக் காசுப்பெட்டி நெறையணும்னு வேணும்னே சீக்கிரம் சாகடிச்சான். வீட்டுல உக்காந்து ஆடுறவன எதுக்குலே சாகடிக்க? விட்ட எடத்துலருந்து ஆட வசதி குடுத்திருக்கான், நல்லது. ஆனா வெடிச் சத்தம் தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. சிவகாசிக்காரன் இதச் சொல்லாம வேற எவன் சொல்லுவான்? ரெண்டு வெரல் ஆட்டம். நமுத்தது."

எந்த ஆட்டமானாலும் விரல் கணக்குச் சொல்லாமல் முடிக்கமாட்டான்.

"பெட்டிய உள்ள கொண்டாரலாமா?" தெருவிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுப்பா" என்றார் நல்லசிவம்.

அப்போதுதான் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. தெரியாத ஆட்கள். முன்னால் லுங்கி கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், முக்காட்டின் நுனியை இடது கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள்.

"ஆட்டம் சொல்லுவாகளே, அந்த அண்ணன் வீடுதான?" என்றார் வந்தவர். "எம்பேரு சம்சு. இது எந்தங்கச்சி ருக்சானா. சாத்தூர்லருந்து வாறோம். காலைல சானல்ல போட்டிருந்தீக."

கீர்த்திகா போட்டிருக்க வேண்டும். அழகுமீனா எழுந்திருக்கப் போனாள். "இருங்கக்கா, இருங்க" என்று ருக்சானா கீழே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் செத்தவனின் முகத்தைப் பார்த்தார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார்கள். சம்சு தங்கையைப் பார்த்தார். அவள் துண்டு மூடியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீகக்கா. அவுக மொகத்த நாங்க பாத்ததே இல்ல" என்றாள். "கையத்தான் தெரியும்."

நல்லசிவத்தின் கை துண்டின்மேல் போய் நின்றது.

ருக்சானா முக்காட்டைச் சுற்றியிருந்த இடது கையை விடுவித்து மடியில் வைத்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் போன கை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "நத்தை வெளக்கேத்துற ஆட்டம் இருக்குல்ல, அது நான் முழுசா முடிச்சேன். எம்மகளுக்கு முன்னாலயே முடிச்சேன். அவ இன்னும் மூணாவது மலையிலதான் நிக்கா."

அழகுமீனாவுக்கு அந்த நத்தையைத் தெரியும். எங்கோ இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து புதிதாகச் செய்த ஆட்டம். நத்தை மலையேறிப் போய் ஒவ்வொரு விளக்காக ஏற்ற வேண்டும். "ஆட்டம் தங்கம். ஆனா ஒரே சமயத்துல ஆறு வெரல் கேக்கான். நமக்கு ஆகாது" என்று வருத்தத்தோடு சொன்னான் பாண்டிச்செல்வம். கீர்த்திகாவை உட்காரவைத்து, செய்தவர்களுக்கு இங்கிலீசில் எழுதவும் சொன்னான். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து, எந்த வேலையை எந்தப் பட்டனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்கிற வசதி அந்த ஆட்டத்தில் வந்திருந்தது. அன்றைக்கு அவன் தெருவில் இறங்கி மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தான். எதற்கென்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. "மூணு வெரல் ஆட்டமாயிருச்சு. வெடிச்சது!" என்றான்.

"அவுக சொல்லலேன்னா நான் அந்தக் கைப்பிடியத் தொட்டிருக்கவே மாட்டேன்கா" என்றாள் ருக்சானா. "அத ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தோம்."

அழகுமீனா நல்லசிவத்தைப் பார்த்தாள்.

"துண்ட எடுங்க அத்தான்."

அவர் எடுக்கவில்லை. "வேண்டாந்தாயி. வாற சனமெல்லாம் அதையே பாக்கும்."

"பாக்கட்டுமே. அதப் பாக்கத்தான வந்திருக்காக."

"நீ சொல்லிருவ. நான்லா அவன அங்க…"

அழகுமீனா கையை நீட்டித் துண்டை எடுத்து, மடித்து, அவர் தோளிலேயே போட்டாள்.

இரண்டு விரலும் லேசாக மடங்கியிருந்தன. மணிக்கட்டில் டியூப் வளையம் அழுத்திய தடம் மாறாமல் இருந்தது. ருக்சானா முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தாள். சம்சு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இவுகதான்" என்றாள் ருக்சானா. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அழகுமீனா நல்லசிவத்தின் விரலில் தொங்கிய வெள்ளைத் துணியை வாங்கினாள். புருஷனின் இடது கட்டைவிரலையும் வலது ஆள்காட்டி விரலையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தாள். பத்திரகாளி பதறிப்போனாள்.

"ஏத்தா, கட்டவெரலோட ஆள்காட்டி வெரலையா? எங்கயாச்சும் அப்படிக் கட்டுவாகளா?"

"அவுகளுக்கு இதுதான்க்கா கட்டவெரலு. இத்தன வருசமும் இதுலதான அமுக்குனாக."

துணியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். கைகள் இரண்டும் வயிற்றின்மேல் ஒன்றையொன்று பார்த்து வளைந்து நின்றன. நடுவில் கைப்பிடி மட்டும்தான் இல்லை. முதல் முடிச்சைப் போட்டாள். விறைத்துக்கொண்டிருந்த விரல்கள் விலகப் பார்த்ததில் முடிச்சு இளகியது. மறுபடி இழுத்தாள். மறுபடி இளகியது.

"அத்தான், ஒரு வெரல வைங்க. நழுவுது."

நல்லசிவம் அசையவில்லை. பெட்டிக்காரன் நிலைப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். சம்சு உதவிக்கு நகர்ந்தார். அழகுமீனா அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, துணியின் இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தாள்.

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். தடவித் தடவித் தம்பியின் வலது கையைத் தொட்டார். தொட்டதும் கண்ணைத் திறந்தார். முடிச்சின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். அழகுமீனா இரண்டாவது முடிச்சை இறுக்கினாள்.

"போதும் அத்தான், முடிச்சு விழுந்துருச்சு."

அவர் விரலை எடுக்கவில்லை.

"தூக்கலாமாய்யா?" என்றான் பெட்டிக்காரன்.

"இருப்பா" என்றார் நல்லசிவம்.