கண் மூடாமல் ஒரு செபம்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உபதேசியார். அவருக்கு வலப்பக்கம் பாயில் மாதா சபைப் பெண்கள் ஒன்பது பேர். கால்மாட்டில் சித்தையன்கோட்டை அத்தை. வெளியே பந்தலுக்கடியில், முதல் வரிசையில் அத்தையின் கணவர் இன்னாசி மாமாவும் அவர் வயதுக்காரர்களும். இரண்டாவதில் அப்பாவோடு முப்பது வருஷம் எடை போட்ட வெங்காய மண்டி ஆட்கள். மூன்றாவதில் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். கடைசி வரிசையில், தெருப்பக்கம் தண்ணீர் டிரம்முக்கு அருகில், கைப்பிடி வைத்த நாற்காலியில் அண்ணன் சகாயராஜ்.

மிச்சமிருந்த ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டு ஆண்டனிராஜ் நிமிர்ந்து பார்த்தான். எல்லாம் அவன் காகிதத்தில் போட்டபடியே இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் உதவியாளன். கல்யாணமோ சாவோ, காகிதத்தில் போட்டுச் செய்தால் பிசகாது என்பது அவன் கட்சி. முந்தின நாள் சாயங்காலம் காப்பி டம்ளரைக் கீழே வைத்த அப்பா மறுபடி எடுக்கவில்லை. எழுபத்தொன்பது வயது. ராத்திரியே பெட்டிக்குச் சொல்லி, விடிவதற்குள் கல்லறைக் குழிக்கு ஆள் பேசி, யார் எங்கே என்று எழுதி முடித்துவிட்டான்.

அண்ணனை அந்த நாற்காலியில் போட்டதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சந்தில் சொந்தக்காரப் பையன்கள் பாட்டில் வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்துக்குப் போக வேண்டுமென்றால் அண்ணன் மூன்று வரிசையைத் தாண்டி, தம்பி கண்முன்னால் போயாக வேண்டும்.

"தம்பி." அண்ணன் மனைவி, நத்தத்து மதினி அன்புமணி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஆண்டனிராஜ் சுவரில் ஒட்டியிருந்த காகிதம். "பெட்டி தூக்குற ஆறு பேர்ல இவுக பேரு இல்லையே?"

"நடையப் பாத்தீகளா மதினி? வண்டியில இருந்து இறங்கையில எப்புடித் தள்ளாடுனாருன்னு தெருவே பாத்துச்சு."

"அது கால் நரம்பு. குடிச்ச காலத்துல செத்துப்போனது, இப்பத்தான் உசுரு வருது. பதினாறு மாசமாச் சொட்டுத் தொடல. போன வருசம் கம்பு ஊணிக்கிட்டுத்தான் கக்கூசுக்கே போனாக. இப்பக் கம்பு இல்ல."

"சந்தோசம். அதோட இருக்கட்டும். கல்லறை வாசலத் தாண்டுனா வண்டி போகாது. மேடு பள்ளம். பெட்டியோட விழுந்தா?"

"தூக்கணும்னு ஒரே ஆசையா இருக்காக தம்பி. அம்மா சாவுல குடிச்சிட்டுக் கெடந்ததுல தூக்க விடலயாம்ல. அப்பாவையாச்சும்ன்றாக."

"பாப்போம்" என்றான் ஆண்டனிராஜ். அலுவலகத்தில் அவன் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

அண்ணன் குடியை விட்டதாக இதற்கு முன் நான்கு தடவை கேள்விப்பட்டிருக்கிறான். தங்கை செல்வி மலைமேல் ஒரு மடத்தில் இருந்தாள். அந்த மடத்துச் சகோதரிகள் ஆயுசுக்கும் வெளியே வருவதில்லை. அப்பா சாவுக்கும் வரமாட்டாள். போனில் சேதி மட்டும் சொல்லலாம். அதனால் மாதம் ஒரு கடிதம் ஆண்டனிராஜ் எழுதுவான். ஒன்று, அப்பா உடம்பு. இரண்டு, வீடு. மூன்று, பிள்ளைகள். நான்கு, அண்ணன். நான்காவதற்கு எட்டு வருஷமாக ஒரே வார்த்தைதான்: பழையபடி.

இரண்டரை மணிக்குச் சவப்பெட்டி வந்தது. அப்பாவை அதில் வைத்ததும் முகம் பார்க்கக் கூட்டம் நெருக்கியது. அண்ணனும் எழுந்து வந்தான். கீழேயே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாகப் பாதத்தைத் தரையில் தப்புத் தப்பென்று அறைந்து வைத்து வந்து, கால்மாட்டில் பிடிமானம் ஏதுமில்லாத இடத்தில் நின்றான்.

"மூடப்போறோம். எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி அந்த ஆன்மாவுக்காகச் செபிப்போம்" என்றார் உபதேசியார்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். அண்ணனும் மூடினான். ஐந்து எண்ணுவதற்குள் வெட்டின வாழை மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். மெழுகுவர்த்தி ஸ்டாண்டு அவனோடு போய் அத்தையின் மடியில் விழுந்தது. அத்தை அலறினாள்.

"அப்பன் பொணத்துக்கு முன்னாடியுமாடா ஊத்திக்கிட்டு வருவ? தூ!" என்றார் இன்னாசி மாமா.

ஆண்டனிராஜுக்கு முகம் கொதித்தது. அண்ணனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"ஊது."

"ஏலே..."

"ஊதுண்ணே. என் மூஞ்சியில ஊது."

சகாயராஜ் தம்பியை ஒரு கணம் பார்த்தான். ஐம்பது வயதில் தலை நரைத்துவிட்டிருந்தது. பிறகு வாயைத் திறந்து நீளமாக ஊதினான். டீ. கொஞ்சம் மாத்திரை நெடி. அந்த வாயிலிருந்து வரக்கூடிய மற்ற எல்லா வாசனையும் ஆண்டனிராஜுக்கு அத்துப்படி. அதில் ஒன்றுகூட இல்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னான். டீதான்.

"அப்பறம் ஏன் விழுந்த?"

"கண்ண மூடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காக. மறந்து மூடிட்டேன்டா. அப்பால்ல."

அன்புமணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அழவில்லை.

"தம்பி, ரெண்டு காலையும் சேத்து வச்சு நில்லுங்க. கண்ண மூடுங்க."

ஏன் என்று கேட்காமல் நின்றான்.

"விழுந்தீகளா? விழல. ஏன்னா தரை எங்கன இருக்குன்னு உங்க காலு உங்களுக்குச் சொல்லுது. இவுக காலு சொல்லாது. கண்ணுதான் சொல்லணும். கண்ண மூடுனா ஆளு அந்தரத்துல நிக்கிற மாதிரி. ஆனா இதப் பாருங்க. ஏங்க, சொவத்துல ஒத்த விரல் வையிங்க."

சகாயராஜ் ஆள்காட்டி விரல் நுனியைச் சுவரில் வைத்தான். அழுத்தவில்லை, காய்ந்ததா என்று பெயிண்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல. கண்ணை மூடினான். கல்தூண் மாதிரி நின்றான்.

"எடுங்க."

விரலை எடுத்தான். சாய்ந்தான். ஆண்டனிராஜ் இரண்டு கையாலும் தாங்கினான். அண்ணனின் மொத்தப் பாரமும் அவன் நெஞ்சில் வந்து இறங்கியது. குடிகாரனின் பாரத்தை அவன் எத்தனையோ தடவை தெருவிலிருந்து தூக்கியிருக்கிறான். அது தொளதொளவென்று வழியும். இந்த உடம்பு நிற்கத்தான் பார்த்தது.

"எம்புட்டு நாளாச்சு இம்புட்டுக்கு வர?" என்று கேட்டான் ஆண்டனிராஜ்.

"தெனம் அரை மணி நேரம் சொவத்தப் புடிச்சு நிக்கிறேன். இப்பக் குதிகால்ல சூடு தெரியுதுடா. வெயில்ல போட்ட கல்லுல வச்சா சுரீர்ங்குது" என்றான் சகாயராஜ், பரிசு வாங்கினவன் போல.

"ஒண்ணு சொல்றேன் தம்பி, கோவிச்சுக்காதீக. நேரா நடக்குறவுகளையும் ஒரு தரம் ஊதச் சொல்லிப் பாருங்க" என்றாள் அன்புமணி.

ஆண்டனிராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பந்தலுக்கு வந்து, பெட்டி தூக்க நின்றவர்களை வரிசையாக நிற்கச் சொல்லி, ஒவ்வொருவன் முகத்துக்கும் நேரே போய் நின்றான்.

"ஊது."

"என்னண்ணே, டிராபிக் போலீசா?"

"ஊதுடா."

அவனைத் தவிர்த்த ஐந்து பேரில் இரண்டு பேர் தேறவில்லை. ஒருவன் இன்னாசி மாமாவின் மகன் ஜெரால்டு. பித்தளைக் கம்பி மாதிரி விறைப்பாக நின்றிருந்தான். வாயைத் திறந்ததும் முன்வரிசை முழுக்கத் தெரிந்துபோனது.

"சின்னப் பய, அலுப்புக்கு ஒரு வாய்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அலுப்பா இருந்தா உக்காரட்டும் மாமா. அந்தா, அந்த டிரம்முக்கிட்ட ஒரு சேர் காலியா இருக்கு."

மண்டிக்காரர்கள் யாரோ சிரித்தார்கள். ஆண்டனிராஜ் காகிதத்தில் இரண்டு பெயரை அடித்து, எதிர்வீட்டுச் சோலைமலை பெயரையும் சகாயராஜ் பெயரையும் எழுதினான். அண்ணனுக்கு முன்பக்கம், வலது. அங்கேதான் பாதை கண்ணுக்குத் தெரியும்.

"கீழ போட்டான்னா நீதான் பொறுப்பு" என்றார் மாமா.

"நான்தான் பொறுப்பு."

கோயில் பூசை முடிந்து கல்லறை வாசலில் வண்டி நின்றது. ஆறு பேரும் தோள் கொடுத்தார்கள். கல் குத்தினாலும் தெரியாத கால் என்பதால் அண்ணன் பட்டி வைத்த தன் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை. தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, தப்பு, தப்பு என்று பாதத்தை வைத்துப் போனான். பின்னால் தூக்கி வந்த ஆண்டனிராஜ் அந்தச் சத்தத்துக்குத் தன் காலை மாற்றிக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் ஆறு பேர் காலும் அதற்கே விழுந்தன. ஓரிடத்தில் சரளைக்கல் புரண்டது. பெட்டி லேசாக அசைந்து, சமநிலைக்கு வந்தது.

குழியருகே சாமியார், "கண்களை மூடிச் செபிப்போம்" என்றார். ஆண்டனிராஜ் மூடவில்லை. அண்ணனைப் பார்த்தான். சகாயராஜ் கண்ணைத் திறந்து, பெட்டியைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசையச் செபித்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஓடியதைத் துடைக்கக் கையெடுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே இன்னாசி மாமாவும் ஒரு கண்ணைத் திறந்து, இவன் விழுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆண்டனிராஜ் மேசையில் உட்கார்ந்தான். முந்தின நாள் விடியற்காலையிலேயே செல்விக்கு முக்கால் கடிதம் எழுதி வைத்திருந்தான். நேரமும் வந்தவர்கள் பெயரும் சேர்த்தால் போதும் என்று. நான்காவது இடத்தில் இருந்த வார்த்தையைப் பார்த்தான். தாளை நாலாகக் கிழித்து, புதுத் தாள் எடுத்தான்.

எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. எண் போடவில்லை. வழக்கமில்லாத வழக்கமாக, வாசலில் உட்கார்ந்து பாதத்தில் காயம் கீயம் இருக்கிறதா என்று கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் நீட்டினான்.

"படிச்சுப் பாரு. தப்பு இருந்தாச் சொல்லு."

சகாயராஜ் தூர வைத்துப் படித்தான். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது நேரம் எடுத்தது. ஊதச் சொன்னதையும் தம்பி விடாமல் எழுதியிருந்தான்.

"இங்கன, 'வாசலிலிருந்து குழி வரை அண்ணனும் தூக்கினார்'னு எழுதிருக்க."

"ஆமா."

"எழுபத்திரெண்டு எட்டு. எண்ணுனேன். போடு."

ஆண்டனிராஜ் பேனாவைத் திறந்து, வரிக்கு மேலே சிறிய எழுத்தில் 'எழுபத்திரண்டு எட்டு' என்று சேர்த்தான். கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்து, ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு தரம் நீவினான்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கமர்ஜஹான் மேடம் கவரை வாங்கித் தராசில் வைத்தார்.

"என்ன சார், இந்தத் தடவை கனமா இருக்கு?"

"ரெண்டு தாள் கூட வச்சேன்" என்றான் ஆண்டனிராஜ்.

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, கவரைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.